இணையதளம்: நம் கடையின் சாவி யார் கையில்?

பூக்கடைக்கு விளம்பரம் வேண்டாம் என்பார்கள். மணமே ஆளைக் கூட்டிவந்துவிடும். நம் மலையின் தேயிலை, வர்க்கி, சாக்லேட், தைலம் ஆகியவற்றையும் நாம் நெடுங்காலம் அப்படித்தான் விற்றுவந்தோம். சீசன் வந்தால் கூட்டம் வரும். ஊட்டி கமர்ஷியல் ரோட்டிலோ குன்னூர் பெட்போர்டிலோ நடந்து வருகிறவர் எந்தக் கடை கண்ணில் படுகிறதோ அதில் ஏறுவார். பெயர்ப் பலகையும் வாசலில் நிற்கும் பையனின் குரலும் போதுமானவையாக இருந்தன.

இன்று நிலைமை அப்படி இல்லை. மலை ஏறுகிறவர் மேட்டுப்பாளையம் வருவதற்கு முன்பே, பெரும்பாலும் தன் வீட்டில் உட்கார்ந்தபடியே, எங்கே தங்குவது, எங்கே சாப்பிடுவது, எந்தக் கடையில் தேயிலை வாங்குவது என்று செல்போனில் பார்த்து முடிவு செய்துவிடுகிறார். இதை நமக்கு மிகவும் கசப்பாக உணர்த்தியது இ-பாஸ் நடைமுறை. சென்னை உயர்நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல், வெளியூர் வாகனங்கள் நீலகிரிக்கு வர இணையத்தில் பதிவு செய்தாக வேண்டும் என்றானது. 2025 ஏப்ரல் முதல் ஜூன் வரை, வார நாட்களில் 6,000 வாகனங்கள், வார இறுதியில் 8,000 வாகனங்கள் என்று எண்ணிக்கைக்கே வரம்பு வந்தது. அதை எதிர்த்து 2025 ஏப்ரல் 2 அன்று மாவட்ட வணிகர்கள் கடையடைப்பு செய்ததை யாரும் மறந்திருக்க மாட்டார்கள்.

அந்த நடைமுறை சரியா தவறா என்பது தனி விவாதம். நாம் இங்கே கவனிக்க வேண்டியது ஒன்றுதான். நம் கடை வாசலுக்கு வருகிற வாடிக்கையாளர் முதலில் ஓர் இணையதளத்தின் வாசலைத் தாண்டி வர வேண்டியதாயிற்று. வருகிறவர் எண்ணிக்கையை வரம்பு கட்ட முடியும் என்றால், வராதவருக்கும் விற்கத் தெரிந்த வணிகரே தாக்குப்பிடிப்பார். ஆகவே இணையதளம் அமைப்பது பற்றி நம் மளிகைக் கடைக்காரர்களும் மொத்த வியாபாரிகளும் அடிப்படையாவது தெரிந்துகொள்ள வேண்டும்.

குன்னூர் தந்த பாடம்

கணினி வழி வியாபாரம் நம் மலைக்குப் புதியது அல்ல. குன்னூரில் 1963 முதல் தேயிலை ஏலம் நடந்துவருகிறது. தரகர் மேடையிலிருந்து லாட் எண்ணைச் சொல்ல, வாங்குவோர் குரல் கொடுக்க, சுத்தியல் விழ விலை முடியும். தலைமுறைகளாக அதுதான் முறை. 2003-ல் குன்னூரில் டீசர்வ் என்ற மின்னணு ஏல மையம் வந்தது. பின்னர் 2008-09 காலத்தில் தேயிலை வாரியம் குரல் ஏலத்தை மாற்றி மின்னணு ஏலத்தைக் கொண்டுவந்தது. 2016-ல் அகில இந்திய ஏல முறை வந்தபோது, ஒரு மையத்தில் பதிவு பெற்றவர் மற்ற மையங்களின் ஏலத்திலும் பங்கேற்க வழி பிறந்தது.

அன்றைக்கும் தயக்கம் இருந்தது. முகம் பார்க்காமல் என்ன வியாபாரம் என்ற கேள்வி எழுந்தது. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். திரையில் ஏலம் நடப்பதற்கு முன்பே பட்டியல் வெளியாகிறது. எந்தத் தொழிற்சாலைச் சரக்கு, என்ன ரகம், எத்தனை மூட்டை, எத்தனை கிலோ என்பதெல்லாம் அதில் உண்டு. மாதிரித் தேயிலையும் வாங்குவோருக்கு முன்கூட்டியே போய்ச் சேர்கிறது. அவர்கள் ருசி பார்த்துக் குறித்துவைத்துக்கொண்டே விலை கேட்கிறார்கள். அதாவது, சரக்கைக் குவித்துக் காட்ட முடியாத இடத்தில் சரியான விவரமே சரக்குக்குச் சாட்சி. இணையதளம் அமைக்க நினைக்கிற ஒவ்வொரு வணிகரும் இந்த ஒரு பாடத்தை மனதில் வைத்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது.

கோத்தகிரியிலும் ஓர் உதாரணம் உண்டு. பழங்குடி மக்கள் சேகரிக்கும் தேன், தேன்மெழுகு போன்ற காட்டுப் பொருட்களை விற்கும் லாஸ்ட் ஃபாரஸ்ட் நிறுவனம், அங்குள்ள கீஸ்டோன் அறக்கட்டளையின் முயற்சியிலிருந்து 2010-ல் தனியாக உருவானது. கடைகளில் விற்பதோடு தன் சொந்த இணையதளத்திலும் அது விற்கிறது. காட்டுத் தேன் எங்கிருந்து வருகிறது, யார் சேகரிக்கிறார்கள் என்று சொல்லி விற்பதே அதன் பலம். நம்மிடமும் சொல்வதற்கு எவ்வளவோ உண்டு. சொல்லும் இடம்தான் இல்லை.

இணையதளம் வளர்ந்த வழி

உலகின் முதல் இணையதளம் 1991-ல் சுவிட்சர்லாந்தில் உள்ள செர்ன் ஆய்வுக்கூடத்தில் டிம் பெர்னர்ஸ்-லீ என்பவரால் அமைக்கப்பட்டது. வெறும் எழுத்தும் இணைப்புகளும் மட்டுமே அதில் இருந்தன. நம் நாட்டில் வி.எஸ்.என்.எல். நிறுவனம் 1995 ஆகஸ்ட் 15 அன்று பொதுமக்களுக்கு இணைய இணைப்பைத் தொடங்கியது.

தமிழுக்கு அப்போது தனிச் சிக்கல் இருந்தது. ஒவ்வொரு தளமும் ஒவ்வோர் எழுத்துருவை வைத்திருந்தது. அந்த எழுத்துருவை இறக்கிக்கொள்ளாதவருக்குத் தமிழ் எழுத்துக்குப் பதிலாகப் புரியாத குறிகளே தெரியும். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டில் விசைப்பலகைக்கும் எழுத்துருவுக்கும் ஒழுங்கு காண முயன்றார்கள். 2010 ஜூனில், கோவையில் செம்மொழி மாநாடு நடந்த வேளையில், தமிழக அரசு யூனிகோடு முறையை ஏற்றது. இன்று யூனிகோடில் எழுதிய தமிழ் எந்தச் செல்போனிலும் அப்படியே தெரியும், தேடினாலும் கிடைக்கும். எனவே, தமிழில் தளம் வைக்க முடியாது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

வடிவமைப்பும் காலத்துக்குக் காலம் மாறியது. ஒரு காலத்தில் தளம் திறந்ததும் படங்கள் பறந்து வந்து எழுத்துக்கள் ஆடினால்தான் நல்ல தளம் என்று எண்ணினோம். அதற்குப் பயன்பட்ட ஃபிளாஷ் மென்பொருளை அதன் உரிமையாளரான அடோபி நிறுவனமே 2020 டிசம்பர் 31-ல் கைவிட்டுவிட்டது. அதை நம்பிச் செய்த பக்கங்கள் பயனற்றுப் போயின. 2010-ல் ஈத்தன் மார்கோட் என்ற அமெரிக்க வடிவமைப்பாளர், ஒரே பக்கம் பெரிய கணினியிலும் சிறிய செல்போனிலும் அந்தந்தத் திரைக்கு ஏற்பத் தானே ஒழுங்குபடும் முறையை முன்வைத்தார். 2015 ஏப்ரல் முதல் கூகுள் நிறுவனம், செல்போனில் நடத்தும் தேடலில் செல்போனுக்கு ஏற்ற தளங்களுக்கு முன்னுரிமை தரத் தொடங்கியது. 2016 செப்டம்பரில் ஜியோ வந்து டேட்டா மலிவானபின், நம் வாடிக்கையாளரில் பெரும்பாலோர் செல்போனில் மட்டுமே தளம் பார்ப்பவர் ஆகிவிட்டனர்.

இலவச வீடு இடிந்த கதை

இனி நம் சிறு வணிகர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டிய செய்திக்கு வருவோம். கூகுள் வரைபடத்தில் கடையைப் பதிவு செய்தவர்களுக்கு, அந்த நிறுவனம் 2017 முதல் இலவசமாக ஒரு சிறிய இணையதளமும் அமைத்துத் தந்தது. படமும் நேரமும் தொலைபேசி எண்ணும் போட்டால் போதும், சில நிமிடங்களில் தளம் தயார். சிறு கடைக்காரர்கள் பலர் அதையே தங்கள் தளம் என்று கருதி, விசிட்டிங் கார்டிலும் பையிலும் அந்த முகவரியை அச்சடித்தார்கள்.

2024 மார்ச்சில் கூகுள் அந்தச் சேவையை மொத்தமாக நிறுத்திவிட்டது. அந்த முகவரிக்குப் போனவர்களைக் கடையின் வரைபடப் பதிவுக்குத் திருப்பிவிடும் ஏற்பாடும் ஜூன் 10-ல் முடிந்தது. அதன்பின் அச்சடித்த பைகளில் இருந்த முகவரி, ஆள் இல்லாத வீட்டு முகவரி ஆனது. இப்படி நடப்பது முதல் முறை அல்ல. 1990-களில் உலகெங்கும் லட்சக்கணக்கானோர் இலவசத் தளம் அமைத்த ஜியோசிட்டீஸ் என்ற இடத்தையும் அதன் உரிமையாளரான யாஹூ நிறுவனம் 2009-ல் மூடியது.

இதில் கூகுளைக் குறை சொல்லிப் பயனில்லை. இலவசமாகக் கொடுத்த இடம். வேண்டாம் என்று தோன்றியபோது எடுத்துக்கொண்டார்கள். நாம்தான் வாடகைக் கடைக்கும் சொந்தக் கடைக்கும் உள்ள வித்தியாசத்தை நன்றாக அறிந்தவர்கள் ஆயிற்றே! வாட்ஸ்அப், ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், பெரிய இணைய அங்காடிகள் எல்லாமே பிறர் கட்டடங்கள். அங்கே கடை போடுவதில் தவறில்லை. கூட்டம் இருக்கும் இடத்தில் கடை போடத்தான் வேண்டும். ஆனால் நமக்கென்று சொந்தமாக ஒரு முகவரி இருந்தால், அந்தக் கட்டடத்தின் விதி மாறினாலும் நம் பெயர் நம்மிடமே இருக்கும்.

பெயரே முதல்

பெயரின் மதிப்புக்கு நம் மலையிலேயே பெரிய சாட்சி உண்டு. 1905-ல் முத்துசாமி முதலியார் தொடங்கிய வெண்ணெய்க் கடைதான் நீலகிரிஸ் என்ற பெயரில் வளர்ந்தது. 1936-ல் பெங்களூர் பிரிகேட் ரோட்டில் கடை திறந்து, பின்னர் தென்னிந்தியாவின் பல ஊர்களுக்குப் பரவியது. காலப்போக்கில் அந்த நிறுவனத்தின் உரிமை பல கைகள் மாறியது. ஒவ்வொரு முறையும் வாங்கியவர் பணம் கொடுத்தது கட்டடத்துக்கும் அலமாரிக்கும் மட்டுமா? நீலகிரிஸ் என்ற அந்தப் பெயருக்கும்தான்.

இணையத்தில் அந்தப் பெயருக்குத்தான் டொமைன் என்று பெயர். '.இன்' என்று முடியும் இந்திய முகவரிகள் 2005 முதல் எல்லோருக்கும் எளிதாகக் கிடைக்கின்றன. ஆண்டுக்குச் சில நூறு முதல் ஆயிரம் ரூபாய் அளவில் செலவாகும். விருப்பமுள்ளவர்கள் தமிழ் எழுத்திலேயே '.இந்தியா' என்று முடியும் முகவரியையும் பெறலாம்.

இங்கேதான் பலர் ஏமாந்துபோகிறார்கள். தளம் அமைத்துத் தருகிறவர் டொமைனைத் தன் பெயரில், தன் இமெயிலில் பதிவு செய்துவிடுகிறார். இரண்டு ஆண்டு கழித்து அவர் வேறு ஊருக்குப் போய்விட்டாலோ, கட்டணத்தில் தகராறு வந்தாலோ, கடைக்காரர் தன் பெயரையே திரும்பப் பெற முடியாமல் தவிக்கிறார். புதுப்பிக்கும் தேதி தவறினால் வேறொருவர் அதே பெயரை எடுத்துக்கொள்ளலாம். நாற்பது ஆண்டு நாணயத்தால் சம்பாதித்த பெயரில் முன்பின் தெரியாத ஒருவர் கடை விரித்தால் நம் நிலை என்ன? கடைப் பத்திரத்தைப் பூட்டிவைக்கும் பெட்டியிலேயே டொமைன் பதிவின் விவரமும் கடவுச்சொல்லும் இருக்க வேண்டும்.

எல்லோருக்கும் தளம் தேவையா?

தேவையில்லை என்பதே நேர்மையான பதில். தெருமுனையில் அக்கம்பக்கத்து வீடுகளுக்கு அரிசி பருப்பு விற்கும் மளிகைக் கடைக்குத் தனித் தளம் வீண் செலவு. வரைபடத்தில் கடையின் பெயர், திறக்கும் நேரம், தொலைபேசி எண் சரியாக இருந்தால் போதும். 2018-ல் வந்த வாட்ஸ்அப் பிசினஸ் செயலியில் சரக்குப் பட்டியலைப் படத்தோடும் விலையோடும் போட்டுவைக்கலாம். எஸ்டேட் லைன் வீட்டிலிருந்து பட்டியல் அனுப்பும் குடும்பத்துக்கு அதுவே வசதி.

ஆனால் தேயிலை, சாக்லேட், வர்க்கி, தைலம், தேன், மசாலாப் பொருள் விற்போருக்கு நிலைமை வேறு. ஒருமுறை மலைக்கு வந்து வாங்கிப் போனவர், சென்னையிலோ பெங்களூரிலோ அந்தத் தேயிலை தீர்ந்ததும் மீண்டும் கேட்க வழி இல்லாமல் வேறு தேயிலைக்கு மாறிவிடுகிறார். ஒரு முறை வந்தவரை ஆண்டு முழுதும் வாங்கவைக்கத் தளம் உதவும். வெளியூர்க் கடைகளுக்கு அனுப்பும் மொத்த வியாபாரிகளுக்கும், தங்கும் விடுதி நடத்துவோருக்கும் சொந்தத் தளம் அவசியம் என்றே சொல்வோம். போலி விடுதித் தளங்களில் முன்பணம் கட்டி ஏமாறுவோர் செய்தி அடிக்கடி வருகிறது. உண்மையான தளம் ஒன்று இருந்தால் வாடிக்கையாளர் ஒப்பிட்டுப் பார்க்க முடியும். ஏமாந்தவர்கள் 1930 என்ற எண்ணில் உடனே புகார் செய்யலாம் என்பதையும் நம் கடைகளில் எழுதிவைக்கலாம்.

பக்கத்தில் என்ன இருக்க வேண்டும்?

முதலில் நம் மலையின் நிலைமையை எண்ணிப் பாருங்கள். கொண்டைஊசி வளைவுகளிலும் எஸ்டேட் பகுதிகளிலும் சிக்னல் வந்தும் போயும் இருக்கும். ஒரு பக்கத்தின் முக்கியப் பகுதி 2.5 வினாடிக்குள் தெரிய வேண்டும் என்பது கூகுள் வகுத்துள்ள அளவு. பெரிய பெரிய படங்களை அப்படியே ஏற்றிய தளம் பர்லியாறு பக்கம் திறக்கவே திறக்காது. ஆகவே படங்களைச் சுருக்கி ஏற்றுவதே இன்றைய நல்ல வடிவமைப்பு. ஆடம்பரம் குறைந்த தளமே விரைவாகத் திறக்கும்.

இரண்டாவது, விவரம். குன்னூர் ஏலப் பட்டியலைப் போல, தேயிலை என்றால் ஆர்த்தடாக்ஸா, சி.டி.சி.யா, இலையா, டஸ்டா, எத்தனை கிராம், என்ன விலை, அனுப்பும் செலவு எவ்வளவு, எத்தனை நாளில் சேரும் என்று எழுத வேண்டும். வர்க்கியும் சாக்லேட்டும் என்றால் எத்தனை நாள் கெடாமல் இருக்கும் என்று சொல்ல வேண்டும். வெயில் காலத்தில் சமவெளிக்குப் போகும் சாக்லேட் உருகுமே, அதற்கு என்ன ஏற்பாடு என்பதையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும்.

மூன்றாவது, சட்டம். பொட்டலப் பொருளைத் தளத்தில் விற்றால் தயாரிப்பாளர் பெயரும் முகவரியும், நிகர எடை, அதிகபட்ச சில்லறை விலை, எந்த நாட்டுச் சரக்கு என்பன திரையிலும் தெரிய வேண்டும். உணவுப் பொருள் விற்போர் உணவுப் பாதுகாப்பு உரிமம் பெற்றிருக்க வேண்டும். அதன் எண்ணையும் தளத்தில் போடுவது நல்லது. 2020-ல் வந்த நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகளின்படி, விற்பவரின் சட்டப்படியான பெயர், முகவரி, புகார் கேட்கும் பொறுப்பாளர் விவரம் தளத்தில் இருக்க வேண்டும். புகார் வந்தால் 48 மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதைத் தெரிவித்து, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். வெளி மாநிலத்துக்கு அனுப்புவதானால் ஜி.எஸ்.டி. பற்றி முன்கூட்டியே நம் கணக்கரிடம் கலந்துகொள்வது நலம்.

நான்காவது, பூட்டு. முகவரியின் தொடக்கத்தில் 'எச்.டி.டி.பி.எஸ்.' என்று இருந்தால் நடுவில் யாரும் தகவலைப் படிக்க முடியாது என்று பொருள். 2018 ஜூலை முதல் குரோம் உலாவி, அது இல்லாத தளங்களைப் பாதுகாப்பற்றவை என்று காட்டத் தொடங்கியது. அதற்கான சான்றிதழை லெட்ஸ் என்கிரிப்ட் போன்ற அமைப்புகள் இலவசமாகவே தருகின்றன. அதற்கென்று தனியாகப் பெருந்தொகை கேட்டால் காரணம் கேளுங்கள்.

புதிதாக வருவது

இப்போது செயற்கை நுண்ணறிவு வந்திருக்கிறது. என்ன கடை, என்ன சரக்கு என்று சொன்னால் சில நிமிடங்களில் பக்கம் அமைத்துத் தரும் கருவிகள் வந்துவிட்டன. முன்பு ஆயிரக்கணக்கில் செலவான வேலை சுலபமாகிறது. 2003-ல் பிறந்த வேர்ட்பிரஸ் என்ற இலவச மென்பொருளில்தான் உலகின் தளங்களில் 40 சதவீதத்துக்கும் மேல் இயங்குகின்றன. கருவிக்குப் பஞ்சமில்லை. ஆனால் கருவி எழுதித் தரும் வர்ணனை எல்லாக் கடைக்கும் ஒன்றுபோலவே இருக்கும். நம் சரக்கின் உண்மையான விவரம் நமக்குத்தான் தெரியும். அதை நாமே எழுத வேண்டும்.

தேடலும் மாறுகிறது. 2024 ஆகஸ்டு முதல் நம் நாட்டில் கூகுளில் சில கேள்விகளுக்கு மேலேயே சுருக்கமான விடை வந்துவிடுகிறது. அந்த விடை பல தளங்களில் உள்ள எழுத்திலிருந்து திரட்டப்படுவது. விலையையும் நேரத்தையும் படமாக மட்டும் போட்டுவைக்காமல் எழுத்திலும் தெளிவாகப் போட்டவருக்கே அதில் இடம் கிடைக்க வாய்ப்பு அதிகம்.

வேலை கொடுக்கும் முன் கேட்க வேண்டியவை

தளம் அமைப்பவரிடம் முன்பணம் கொடுக்கும் முன் கீழ்க்கண்டவற்றை எழுத்தில் பெற்றுக்கொள்ளுங்கள்:

1. டொமைன் யார் பெயரில், எந்த இமெயிலில் பதிவாகும்? நம் பெயரிலேயே இருக்க வேண்டும்.

2. ஆண்டுதோறும் என்ன செலவு? டொமைன், தளம் தங்கும் சர்வர் வாடகை, பராமரிப்பு என்று தனித்தனியாகச் சொல்ல வேண்டும்.

3. விலை மாறினால் நாமே மாற்ற முடியுமா? ஒவ்வொரு முறையும் ஆளைத் தேட வேண்டுமா?

4. தளத்தின் முழுப் பிரதி நமக்குக் கிடைக்குமா? எத்தனை நாளுக்கு ஒருமுறை?

5. சாதாரண விலைச் செல்போனில், சிக்னல் குறைந்த இடத்தில் திறந்து காட்ட முடியுமா?

6. தமிழிலும் ஆங்கிலத்திலும் பக்கம் உண்டா?

7. பணம் நேராக நம் வங்கிக் கணக்குக்கு வருமா? நடுவில் எவ்வளவு பிடித்தம்?

இந்த ஏழு கேள்விக்கும் நேராகப் பதில் சொல்கிறவரிடம் வேலையைக் கொடுங்கள். அவர் நம் ஊர் இளைஞராக இருந்தால் மேலும் நல்லது. கூப்பிட்டால் வந்து நிற்பார்.

தளம் அமைத்தபின் அதை மறந்துவிடுவதே பெரிய குறை. சென்ற சீசன் விலையும், மாறிப்போன தொலைபேசி எண்ணும் கிடக்கும் தளம், தூசி படிந்த ஷோகேசை விட மோசமானது. வாரம் ஒரு முறை, வார விடுமுறை நாளில் கணக்கு பார்க்கும்போதே, தளத்தையும் ஒரு பார்வை பாருங்கள். வீட்டில் கல்லூரியில் படிக்கும் மகனோ மகளோ இருந்தால் இந்தப் பொறுப்பைக் கொடுங்கள். கடைக்கு வர மாட்டேன் என்கிற பிள்ளையும் இந்த வழியாகக் கடைக்குள் வரக்கூடும்.

தனியாகச் செய்ய இயலாத சிறு கடைக்காரர்கள் ஐந்து பேர், பத்துப் பேர் சேர்ந்து ஒரே தளத்தில் ஆளுக்கு ஒரு பக்கம் வைத்துக்கொள்ளலாம். நம் மலையில் சிறு தேயிலை விவசாயிகள் கூட்டுறவுத் தொழிற்சாலைகளாகச் சேர்ந்து, இன்ட்கோசர்வ் என்ற இணையத்தின் கீழ் நிற்கும் வழி 1965 முதல் இருக்கிறது. தனித்தனியாக நின்றால் இலை விற்பதே பாடு. சேர்ந்து நின்றதால் சொந்தப் பெயரில் தேயிலையே விற்கிறார்கள். அதே வழி நமக்கும் பொருந்தும். அடுத்த சீசன் வருவதற்கு இன்னும் நாள் இருக்கிறது. முதல் வேலையாக, உங்கள் கடைப் பெயரில் டொமைன் காலியாக இருக்கிறதா என்று இன்றே பார்த்து, உங்கள் பெயரிலேயே பதிவு செய்துவிடுங்கள். மற்றவை பின்னால் வரட்டும்.